வால்டரை விட்டுக்கொடுக்காத பெரில் மம்பி

ஆஸ்க்வெல் ஊரில் பெரில் மம்பியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற சொல் பிடிவாதக்காரி. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் வளர்த்த பன்றியின் கறியைத் தின்று வளர்ந்தவர்கள். நான் அவளுக்கு ஐம்பது வருடத் தோழி, பெயர் ஹெட்டி. இந்த ஊர்த் தேவாலயத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுகிறேன், தேவாலயக் குழுவின் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறேன். கல்வெட்டு விவகாரத்தில் பெரில் செய்ததாக ஊரில் உலவுகிற கதைகளில் பாதி பொய், மீதி அரைகுறை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நான் செய்த கேவலமும் இதில் வரும்.

பெரிலின் அப்பா ஆஸ்க்வெல் பண்ணையில் பன்றி பார்த்தவர். பதினைந்து வயதில் பெரிலும் அங்கேயே வேலைக்குப் போனாள். பண்ணை, பெரிய மாளிகை, ஊரின் பாதி வீடுகள் எல்லாம் சர் பியர்ஸ் ஆஸ்க்வெல் குடும்பத்துக்குச் சொந்தம். ஊரின் பெயரும் குடும்பத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால், இரண்டில் எது எதைப் பெற்றது என்று சிறுவயதில் எங்களுக்குக் குழப்பமாக இருக்கும். பெரிலின் கல்யாணத்தன்று ஒன்று நடந்தது. பதிவேட்டில் மணப்பெண்ணின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அப்போதிருந்த பாதிரியார் பெருந்தன்மையாக "விவசாயி" என்று எழுதப் போனார். வெள்ளை உடுப்பில் நின்ற பத்தொன்பது வயதுப் பெண் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"பன்னிக்காரர்னு எழுதுங்க ஃபாதர். அவரு என்னிக்கும் விவசாயம் பண்ணினதில்ல."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கிளிஃப், இவளை எதிர்த்து ஒன்றும் நடக்காது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு தாய்ப்பன்றி அவளைச் சுவரோடு வைத்து நசுக்கி, வலது முழங்காலைக் காலி செய்தது. பெரில் அந்தப் பன்றியின் மேல் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குட்டி போட்டிருந்தது, நான்தான் குறுக்கே போனேன் என்பாள். வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிற பிறவி இல்லை அவள். லிங்கன் நகரத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் பழைய கையெழுத்துப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடக்கிறது என்று நூலகத்துச் சுவரில் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒன்பது பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பத்தாவது ஆள் இவள். முதல் நாள் ஒரு அம்மாள் இவளுடைய நாற்காலியிலிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாளாம். மூன்றாவது மாதம் அதே அம்மாள் இவளிடம் வந்து, "இந்த எழுத்து என்னங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். இந்தக் கதையைப் பெரில் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாளின் நடையையும் நடித்துக் காட்டுவாள்.

படிக்கத் தெரிந்ததும் படிக்க ஏதாவது வேண்டுமே. நேராக மாளிகைக்குப் போய் சர் பியர்ஸிடம் கேட்டாள். குடும்பத்தின் பழைய பத்திரங்கள் அங்கே கோபுரத்து அறையில், இரும்புப் பட்டை போட்ட பெட்டிகளில் இருந்தன. அவர் சிரித்துவிட்டார்.

"பெரில், அங்க இருக்கறது எல்லாம் லத்தீன். தீவனப் பட்டியல் இல்ல."

"படிச்சுப் பாக்கறேன் சர் பியர்ஸ். புரியலன்னா பன்னிங்ககிட்ட கேட்டுக்கறேன்."

அவருக்கு அவளைப் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. வியாழக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வரலாம் என்றார். பெரிலுக்குக் கார் ஓட்ட முழங்கால் இடம் கொடுக்காது, அதனால் நான் அவளைக் கூட்டிப்போவேன். அவள் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதி, வீட்டில் தட்டச்சு செய்து வைப்பேன். பதினோரு வருடம் இப்படிப் போனது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குச் சலிக்கவே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஜன்னல் பக்கம் காட்டிக் காயவைப்பாள். பேனாவுக்கு அந்த அறையில் இடமில்லை, பென்சில் மட்டும்தான். சுருளை விரித்ததும் படிக்கமாட்டாள், முதலில் விரலால் தடவுவாள். அவை எல்லாம் ஆட்டுத்தோல். "இது முடி இருந்த பக்கம், அது கறி இருந்த பக்கம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடவை வந்த இளைஞன் அதைச் சொல்லப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

மாளிகையின் மாடிப்படிச் சுவரில் ஆஸ்க்வெல் வம்சம் ஒரு பெரிய பலகையில் தீட்டப்பட்டிருக்கிறது. சர் பியர்ஸின் கொள்ளுத்தாத்தா சர் அகஸ்டஸ் செய்துவைத்தது. அடியில், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னனோடு நார்மண்டியிலிருந்து வந்திறங்கிய வீரன், அங்கிருந்து அப்பன் பிள்ளை, அப்பன் பிள்ளை என்று ஒரு கணுகூட விடாமல் இருபத்தெட்டு தலைமுறை. இந்த நாட்டில் பழைய குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் வில்லியமோடு வந்தவர்கள்தான். அத்தனை பேரையும் ஏற்றியிருந்தால் அந்தக் கப்பல்கள் நார்மண்டிக் கரையிலேயே மூழ்கியிருக்கும்.

பெரில் அந்தப் பலகையை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அவள் பன்றிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். யார் எத்தனை பன்றியைக் காட்டுக்குள் மேயவிட்டார்கள், எந்த வருடம் கருவாலி மரத்தில் பன்றி தின்கிற காய் நிறைய விழுந்தது, இப்படி. மற்ற யாரும் திருப்பாத பக்கங்களை அதனால்தான் அவள் திருப்பினாள்.

பிரச்சினை கூரையில் ஆரம்பித்தது. தேவாலயத்தின் வடக்குப் பக்கக் கூரையில் போட்டிருந்த ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் மழையிலேயே உள்ளே வாளி வைக்க வேண்டியதாயிற்று. சர் பியர்ஸ் கூரை முழுவதையும் தன் செலவில் போட்டுத்தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். வடக்குச் சுவரில் ஒரு கல்வெட்டு, அதில் பலகையில் உள்ள இருபத்தெட்டு பேரின் பெயரும், ஒவ்வொருவரும் இன்னார் மகன் என்று. தேவாலயத்துக்குள் புதிதாக ஒரு ஆணி அடிக்க வேண்டுமானாலும் மறைமாவட்ட நீதிபதியின் அனுமதி வேண்டும். கல்லில் வெட்டப்போகிற வரலாறு சரியானது என்று பத்திரங்களைப் படித்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும். படித்தவர் என்று சொல்ல ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

"ஒரு கையெழுத்துதான் பெரில்" என்றார் பாதிரியார் கிறிஸ்பின். ஏழு ஊர்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற, எப்போதும் மூச்சு வாங்குகிற மனிதர் அவர்.

"பாக்காம போடமாட்டேன். ஒரு மாசம் கொடுங்க" என்றாள் பெரில்.

மூன்றாவது வியாழக்கிழமை அது கையில் மாட்டியது. ஊர் மன்றத்தின் பழைய சுருள் ஒன்று. சர் அகஸ்டஸ் அதைப் படித்து, மேலே துண்டுச்சீட்டில் "1307, முக்கியமில்லை" என்று குறித்து ஒதுக்கியிருந்தார். பெரில் முக்கியமில்லாததைத்தான் முதலில் படிப்பவள். மெதுவாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், நான் எழுதினேன்.

எட்வர்டு மன்னரின் முப்பத்தைந்தாம் ஆண்டு, வியாழக்கிழமை, புனித பொடால்ஃப் திருநாள். ஆஸ்க்வெல்லில் மன்றம் கூடியது. தந்தை சர் ராபர்ட்டையும் இரண்டு சகோதரர்களையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த ஜோன் அம்மையார் வந்தாள். பன்றி மேய்க்கும் வால்டரின் மகன் ஹியூ, பிறப்பால் அடிமை, அவள் முன் நின்றான். எல்லோரும் கேட்க அவனை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தாள். அவனையே கணவனாக ஏற்பதாகச் சொன்னாள். காரியஸ்தர் இது தகுமா என்று மூன்று முறை கேட்டார். தகும் என்று மூன்று முறையும் சொன்னாள்.

பெரில் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஹெட்டி, பலகையில ராபர்ட்டுக்கு அடுத்து யாரு?"

"அவரு மகன் சர் ஹியூ."

"ஹியூவோட பொண்டாட்டி?"

"ஜோன். எந்தக் குடும்பம்னு போடல."

"எந்தக் குடும்பம்னு போடமாட்டாங்கடி. மகளை மருமகளாக்கி, மருமகனை மகனாக்கிட்டாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இது 1307ஆம் வருடத்துச் சுருள், பலகையில் உள்ள ஹியூ அதற்கு ஐம்பது வருடம் பிந்தியவர், வேறு ஹியூவாக இருக்கும் என்றேன். சர் அகஸ்டஸும் அப்படித்தான் நினைத்தார், அல்லது நினைக்க விரும்பினார். எழுதியவன் எந்த எட்வர்டு என்று சொல்லாமல் விட்டுவிட்டான். முப்பத்தைந்தாம் ஆண்டைத் தொட்ட எட்வர்டுகள் அந்தக் காலத்தில் இரண்டு பேர், பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே பெயர். தாத்தாவின் முப்பத்தைந்தாம் ஆண்டு 1307. பேரனின் முப்பத்தைந்தாம் ஆண்டு 1361, கொள்ளைநோய் இரண்டாம் தடவை வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போன வருடம். அகஸ்டஸ் தாத்தாவைப் பிடித்துக்கொண்டார்.

பெரில் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து விரல் விட்டும் பென்சில் வைத்தும் எண்ணினாள். புனித பொடால்ஃப் நாள் எந்த வருடமும் ஜூன் பதினேழு. 1307இல் அது சனிக்கிழமை. 1361இல் வியாழக்கிழமை. நான் பழைய நாட்காட்டிப் புத்தகத்தை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் அதற்குள் டீயும் பிளம் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"பன்னிக்காரன் மகன்டி, ஹெட்டி. இவ்வளவு நாளா மாடிப்படியில உக்காந்திருந்தான், ஒருத்தருக்கும் தெரியல."

சர் பியர்ஸிடம் அவளே போய்ச் சொன்னாள். நானும் கூட இருந்தேன். அவர் சுருளைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். மனிதர் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார்.

"எங்க குடும்பச் சின்னத்துக் கேடயத்துல பன்னித்தலை இருக்கே, அது வேட்டையில வில்லியமைக் காப்பாத்தினதுக்குக் கொடுத்ததுன்னு எங்கப்பா சொல்வார்" என்றார்.

"எல்லாரும் பொழப்புல இருந்ததைத்தான் கேடயத்துல போட்டாங்க" என்றாள் பெரில்.

அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திருத்திய வாசகத்தை அனுப்பினார். அதில் ஜோனுக்கு அவள் அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார். "ஹியூ, சர் ராபர்ட்டின் மகள் ஜோனின் கணவர்." அவ்வளவுதான். அதற்கு மேலும் கீழும் எல்லோரும் இன்னார் மகன், இன்னார் மகன் என்று இருக்க, ஹியூ மட்டும் யாருடைய மகனும் இல்லாமல் நின்றான்.

ஊருக்கே அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. பொய் ஒன்றும் இல்லையே, ஒரு பெயர்தானே விட்டுப்போயிருக்கிறது. பெரிலுக்கு மட்டும் படவில்லை.

குழுக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை தேவாலயத்திலேயே நடந்தது. வெளியே மழை, வடக்குப் பக்கம் நான்கு வாளிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. சர் பியர்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதிரியார் தாளை நீட்டினார். பெரில் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல வால்டரைக் காணோம்."

"பெரில், இதுல தப்பா ஒரு வார்த்தை இருக்கா, சொல்லுங்க" என்றார் சர் பியர்ஸ்.

"இல்ல. ஒரு ஆளு இல்ல."

"அவன் வம்சத்துக்காரன் இல்லையே. அவன் பையன்தான் உள்ள வந்தான்."

"உங்க ரத்தம் அவன்கிட்டேர்ந்து வருது சர் பியர்ஸ். எத்தன தலைமுறை பின்னால போனாலும் அப்பா பக்கம் நீங்க போய் நிக்கிறது அவன் பட்டியிலதான். அவன் செஞ்ச வேலைய நான் நாப்பது வருஷத்துக்கு மேல செஞ்சிருக்கேன், உங்க பண்ணையிலயே. அது கல்லுல போடக் கூசற வேலைன்னா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாளிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அறுநூறு வருஷத்துக்கு முந்தின பன்னிக்காரனுக்காக எங்க தலையில தண்ணி ஊத்தணுமா?" என்றார்கள்.

"நனைஞ்சா துவட்டிக்கலாம். அவன் பேரை விட்டுட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள்.

இனி என் கதை. பெரில் போனதும் பாதிரியார் என்னைப் பார்த்தார். பதினோரு வருடம் கூட உட்கார்ந்து எழுதியவள் நான், எல்லாச் சுருளின் நகலும் என் வீட்டில், அதனால் நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்றார். போடுகிறேனா என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. நான் பேனாவை வாங்கிப் போட்டேன். அப்புறம் வாக்கெடுப்பு, அதிலும் கை தூக்கினேன். கூரைக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அத்தனை முகத்தையும் முறைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தின் அறிவிப்பைத் தேவாலயக் கதவில் இருபத்தெட்டு நாள் ஒட்டிவைக்க வேண்டும். ஊரில் யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் அதற்குள் நீதிபதிக்கு எழுதலாம். முதல் நாளே பெரில் எழுதிவிட்டாள். எழுதியதன் நகலையும் கொண்டுவந்து அறிவிப்பின் பக்கத்தில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. அறுவடை விருந்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. பார்ஸ்லிக் கீரை திணித்து வேகவைத்த பன்றிக்கறித் தட்டு அவளிடம் வரும்போது காலியாக வந்தது. வியாழக்கிழமைகளில் மாளிகைக் கதவும் திறக்கவில்லை, அறைக்கு வர்ணம் பூசுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் காலை அவள் வீட்டுக் கேட்டில் யாரோ ஒரு பன்றிக்காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கேள்விப்பட்டு நான் ஓடினேன். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"சூப்பு. பட்டாணி போட்டு வெச்சிருக்கேன். நேத்து வெட்டின காலு, நல்ல இளசு. எவனோ கசாப்புக்கடையில வாங்கியே கட்டியிருக்கான், பாவம்."

எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கதவில் இருந்த அவள் தாளில் யாரோ ஒரு பன்றியை வரைந்து, கீழே "பெரில்" என்று எழுதியிருந்தார்கள். கிழித்துப் போடலாம் என்று மறுநாள் போனேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "காது தப்பு. நம்ம லிங்கன்ஷயர் பன்றிக்குக் காது கண்ணுக்கு மேல் தொங்கும். வால்டர் வளர்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்." அதன் கீழே சரியான காதோடு ஒரு பன்றியை வரைந்தும் காட்டியிருந்தாள்.

சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் பழைய வியாழக்கிழமைத் தாள்களை எடுத்தேன். நானே தட்டச்சு செய்தது. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னாள். அந்த மன்றத்தில் ஜோனின் பக்கம் ஒருத்தராவது நின்றார்களா என்று சுருளில் இல்லை. என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். நான் பேனாவை வாங்கிவிட்டேன்.

இருபத்தேழாம் நாள் நீதிபதிக்கு எழுதினேன். கூரைக்காக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும் நானே, இப்போது ஆட்சேபம் தெரிவிப்பதும் நானே, சுருளில் உள்ள பெயர் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, அது எனக்குத் தெரிந்தே விடப்பட்டது என்று. சுருளின் நகலையும் நாள் கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். தபாலில் போட்டுவிட்டுப் பெரிலிடம் போய்ச் சொன்னேன்.

கோழிக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இருபத்தேழு நாளு ஆச்சு உனக்கு."

"ஆமா, நான் பயந்தாங்கொள்ளி."

"அது எனக்கு அம்பது வருஷமா தெரியும். உள்ள வா, டீ போடறேன்."

குழுவில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சாவியைக் கொடுத்துவிடு என்றார்கள். கொடுக்கமாட்டேன், வேண்டுமானால் பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பூட்டை யாரும் மாற்றவில்லை. அவ்வளவு பழைய கதவுக்கு வேறு பூட்டுச் செய்ய ஆள் கிடையாது.

நவம்பரில் நீதிபதியின் பதில் வந்தது. பாதிரியார் எங்கள் மூன்று பேரையும் தேவாலயத்தில் தான் அங்கி மாற்றும் அறைக்கு அழைத்தார்: சர் பியர்ஸ், பெரில், நான். சத்தமாக வாசித்தார். கல்வெட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் எல்லோருக்கும் தந்தை பெயர் இருக்கும் கல்லில் ஒருவருக்கு மட்டும், அது தெரிந்திருந்தும் விடுவது, பார்க்கிறவர்களை ஏமாற்றுவதாகும். மன்றச் சுருளில் உள்ளபடி "பன்றி மேய்க்கும் வால்டரின் மகன் ஹியூ" என்று வெட்டலாம். இல்லாவிட்டால் கல்லே வேண்டாம்.

சர் பியர்ஸ் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க கேட்டது கிடைச்சிருச்சு பெரில்."

"நீங்க கேட்டதும் கிடைச்சிருக்கு சர் பியர்ஸ். கல்லு வெக்கலாம்னு சொல்லிட்டாங்க. இருபத்தெட்டு பேரு, கூட ஒருத்தன்."

அவர் கதவருகே போய் நின்றார். அந்த நிமிடம் அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவருக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது போலத்தான் இருந்தது. சின்ன வயதில் பெரிலின் பின்னாலேயே பன்றிப் பட்டியில் சுற்றிக்கொண்டிருந்த பையன்தானே.

"கல்லு வேண்டாம். கூரைக்கு நீங்க வேற வழி பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார் அவர் பின்னாலேயே மழையில் ஓடினார்.

நானும் பெரிலும் வடக்குச் சுவரின் முன்னால் வந்து நின்றோம். கல்லுக்காக அளவெடுத்துச் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு அப்படியே இருந்தது. கூரையில் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு பட்டும் சுவரில் ஒன்றும் வரவில்லை, கூரையும் இல்லை, வால்டரும் இல்லை என்றேன்.

பெரில் கைத்தடியில் சாய்ந்துகொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். முகத்தில் வருத்தம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஒருத்தனை மறைக்க இருபத்தெட்டு பேரையும் மழையில விட்டுட்டுப் போறாரு பாரு" என்றாள். "சாயங்காலம் பட்டிக்குத் திரும்பறப்ப ஒரு குட்டி குறைஞ்சாலும் வால்டர் விளக்கை எடுத்துட்டுக் காட்டுக்குள்ள போயிருப்பான்டி. அவன் வழியில பொறந்த வம்சம் இது."